தாளின் மறுபக்கம்

படிக்கும் முன் சிந்திப்போம்

• உங்கள் பள்ளிப்பையில் உள்ள பயிற்சித்தாள்களை எடுத்துப் பாருங்கள். அவற்றுள் எத்தனை தாள்களின் பின்பக்கம் வெறுமையாக உள்ளது?
• நீங்கள் குப்பைத்தொட்டியில் போடும் தாள் இறுதியில் எங்கே சென்று சேர்கிறது?
• அச்சுப்பொறியில் நீங்கள் கடைசியாக எப்போது அமைப்புகளை மாற்றினீர்கள்?

1. துவாஸுக்குச் செல்லும் தாள்

தேவையில்லாத ஒரு தாளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடுகிறோம். அது நம் கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது. நம்மைப் பொறுத்தவரை அத்துடன் அதன் கதை முடிந்துவிட்டது. உண்மையில் அதன் பயணம் அப்போதுதான் தொடங்குகிறது. அந்தப் பயணத்தைத் தெரிந்துகொள்ள, சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸுக்குச் செல்ல வேண்டும்.

கப்பல் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெயர்பெற்ற வட்டாரம் துவாஸ். நாட்டின் குப்பையில் பெரும்பங்கு எரிக்கப்படும் இடமும் அதுவே. சிங்கப்பூரின் முதல் குப்பை எரிப்பு ஆலை 1979ஆம் ஆண்டு உலு பாண்டானில் செயல்படத் தொடங்கியது. துவாஸில் முதல் ஆலை 1986ஆம் ஆண்டு அமைந்தது. 2000ஆம் ஆண்டில் துவாஸ் சவுத் ஆலையும் 2021ஆம் ஆண்டில் துவாஸ்ஒன் ஆலையும் செயல்படத் தொடங்கின. துவாஸ்ஒன் ஆலையால் மட்டும் ஒரு நாளில் 3,600 டன் குப்பையை எரிக்க முடியும்.

குப்பை லாரிகள் ஆலைக்குள் நுழையும்போது முதலில் எடை பார்க்கப்படும். பின்னர் அவை குப்பையைப் பெரிய குழியில் கொட்டும். துர்நாற்றம் வெளியே பரவாமல் இருக்க, அக்குழியில் காற்றழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து பாரந்தூக்கி குப்பையை அள்ளி உலையில் இடும். உலையின் வெப்பம் 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த வெப்பத்தால் நீராவி உண்டாக்கப்பட்டு, மின்சாரம் தயாரிக்கப்படுகிறது. சாம்பலில் எஞ்சியிருக்கும் இரும்பு, காந்தத்தின் உதவியால் பிரித்தெடுக்கப்படுகிறது.

எரித்தபின் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அப்படியானால் மீதி 10 விழுக்காடு எங்கே போகிறது? எரிந்த சாம்பலும் எரிக்க முடியாத கழிவுகளும் துவாஸ் கடலோரத்தில் உள்ள மாற்று நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. அங்கே அவை பெரிய படகுகளில் ஏற்றப்பட்டு, சிங்கப்பூரின் தெற்கே உள்ள செமாக்காவ் தீவுக்கு அனுப்பப்படுகின்றன.

2. நிரம்பிக்கொண்டிருக்கும் தீவு

லோரோங் ஹாலுஸில் இருந்த குப்பை நிரப்பு நிலம் 1999ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி மூடப்பட்டது. சிங்கப்பூரின் பெருநிலத்தில் இருந்த கடைசிக் குப்பை நிரப்பு நிலம் அதுதான். மறுநாள், அதாவது ஏப்ரல் 1ஆம் தேதி, செமாக்காவ் செயல்படத் தொடங்கியது. புலாவ் செமாக்காவ், புலாவ் சாக்கேங் ஆகிய இரு தீவுகளை 7 கிலோமீட்டர் நீளமுள்ள கரையால் சூழ்ந்து, கடலின் ஒரு பகுதியை அடைத்து, அதற்குள் 350 ஹெக்டர் பரப்பில் இவ்விடம் உருவாக்கப்பட்டது. கழிவுநீர் கடலில் கசியாமல் தடுக்கக் கரையின் உட்புறத்தில் நீர்புகாத் தகடும் கடற்களிமண்ணும் இடப்பட்டன. கட்டுமானத்தால் அழிந்த சதுப்புநில மரங்களுக்கு ஈடாக 13 ஹெக்டருக்கும் அதிகமான பரப்பில் புதிய கன்றுகள் நடப்பட்டன.

இவ்வளவு கவனத்துடன் கட்டப்பட்டாலும் செமாக்காவுக்கு ஓர் எல்லை உண்டு. நாம் இப்போது வீசும் வேகத்திலேயே வீசிக்கொண்டிருந்தால், 2035ஆம் ஆண்டுவாக்கில் அது நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூருக்கு வேறு குப்பை நிரப்பு நிலம் இல்லை. ஆகவே, 2030ஆம் ஆண்டுக்குள் ஒருவர் ஒரு நாளில் நிரப்பு நிலத்திற்கு அனுப்பும் கழிவை 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் வெளியான கழிவில்லாச் சிங்கப்பூருக்கான பெருந்திட்டம் இலக்கு வகுத்தது.

பெருந்திட்டம் என்றதும் பெரிய ஆலைகளும் பெரிய இயந்திரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்த இலக்கில் ஒரு சிறு பங்கு நம் வகுப்பறையில் உள்ள அச்சுப்பொறியிலும் இருக்கிறது.

3. மறுசுழற்சி மட்டும் போதுமா?

“தாளைத்தான் மறுசுழற்சி செய்யலாமே, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டில் தாள், அட்டைக் கழிவில் 44 விழுக்காடு மறுசுழற்சி செய்யப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அது 31 விழுக்காடாகக் குறைந்தது. அதாவது, நாம் வீசும் தாளில் பாதிக்கும் மேற்பட்டது உலைக்கே போகிறது.

இதற்குப் பல காரணங்கள் உள்ளன. நாம் சேகரிக்கும் பழைய தாளின் பெரும்பகுதி வெளிநாடுகளில்தான் மறுசுழற்சி செய்யப்படுகிறது. கப்பல் கட்டணம் உயர்ந்தாலோ, வெளிநாட்டில் தேவை குறைந்தாலோ, ஏற்றுமதியும் குறைந்துவிடும். மேலும், வீடுகளிலிருந்து நீல நிற மறுசுழற்சித் தொட்டிகளில் சேரும் பொருள்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, உணவும் திரவமும் பட்டோ, மறுசுழற்சிக்கு உகந்தவையாக இல்லாமலோ வீணாகின்றன. ஒரு குவளையில் மிஞ்சிய தேநீர் சிந்தினாலே அதனடியில் உள்ள நல்ல தாள்கள் பயனற்றுப் போகும்.

தாளின் இயல்பும் ஒரு காரணம். தாள் என்பது மரக்கூழில் உள்ள நுண்ணிய நார்களின் பின்னல். ஒவ்வொரு முறை மறுசுழற்சி செய்யும்போதும் அந்த நார்கள் முறிந்து குட்டையாகின்றன. ஐந்து முதல் ஏழு முறைக்குப் பிறகு அவை தாள் செய்வதற்கு உதவுவதில்லை. அப்போது புதிய மரக்கூழ் தேவைப்படுகிறது.

அந்த மரக்கூழ் எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தொலைவான செய்தி அன்று. 2015ஆம் ஆண்டில் இந்தோனீசியக் காட்டுத் தீயால் எழுந்த புகைமூட்டம் சிங்கப்பூரைச் சூழ்ந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன. தீ பரவிய நிலங்களுள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களோடு மரக்கூழ்த் தோட்டங்களும் இருந்தன. நாம் எழுதும் தாளுக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்த ஆண்டு பலர் உணர்ந்தனர்.

அதனால்தான், குறைத்தல், மீண்டும் பயன்படுத்துதல், மறுசுழற்சி ஆகிய மூன்றில் குறைத்தலே முதலில் நிற்கிறது. அச்சிடாத தாளைச் சேகரிக்க வேண்டியதில்லை, ஏற்றுமதி செய்ய வேண்டியதில்லை, எரிக்கவும் வேண்டியதில்லை.

4. இருபக்கமும் எழுதிய மரபு

தாளின் இருபக்கத்தையும் பயன்படுத்துவது புதிய சிந்தனை அன்று. நம் முன்னோர் பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் அதன் இருபக்கமும் எழுதினர். கீறிய எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்குக் கரியைத் தடவினர். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்ததால், ஒவ்வோர் ஓலையையும் திருப்பிப் படிப்பது எளிதாயிற்று. சுவடிகளில் ஓலையின் எந்தப் பக்கமும் வீணாவதில்லை.

அச்சு வந்தபிறகும் தாளைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய தேவை இருந்தது. தமிழ்நாட்டின் தரங்கம்பாடியில் அச்சகம் நடத்திய சீகன்பால்குவுக்கு, 1713ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிருப்பில் உள்ள தாள் போதாது. எனவே, உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அந்தச் சிறிய எழுத்துகளைக் கொண்டு 1715ஆம் ஆண்டில் அந்நூல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. தாள் அரிதாக இருந்தபோது மனிதர்கள் எழுத்தின் அளவையே மாற்றினார்கள். இன்று தாள் மலிவாகக் கிடைப்பதால், அதன் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பது நம் கண்ணில் படுவதில்லை.

5. அச்சுப்பொறிக்குள் என்ன நடக்கிறது?

இன்றைய அச்சுப்பொறிகள் பலவற்றால் இருபக்கமும் தாமாகவே அச்சிட முடியும். ஒளிக்கதிர் அச்சுப்பொறியில் மைத்தூள் முதலில் தாளின் மீது படிகிறது. பிறகு சூடான உருளைகள் அதை உருக்கித் தாளில் ஒட்டச் செய்கின்றன. ஒரு பக்கம் முடிந்ததும் தாள் வெளியே வருவதுபோல் எட்டிப் பார்க்கும். ஆனால், அது முழுமையாக வெளியேறுவதற்குள் உருளைகள் எதிர்த்திசையில் சுழன்று அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். தாள் வேறொரு பாதையில் வளைந்து சென்று, வெறுமையான பக்கத்தைக் காட்டியபடி மீண்டும் அச்சுப் பகுதிக்கு வரும். அதனால்தான், இருபக்க அச்சின்போது தாள் வெளியே வந்து உள்ளே செல்வதை நாம் காண்கிறோம். அந்த நேரத்தில் தாளைப் பிடித்து இழுத்தால் அது சிக்கிக்கொள்ளும்.

திருப்பும் முறையையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகம்போல் இடப்பக்கம் கட்டப்படும் தாள்களுக்கு நீள விளிம்பில் திருப்பும் அமைப்பு தேவை. நாட்காட்டிபோல் மேல்பக்கம் கட்டப்படும் தாள்களுக்குக் குறுகிய விளிம்பில் திருப்பும் அமைப்பு தேவை. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பின்பக்கம் தலைகீழாக அச்சாகும். முதலில் இரண்டு பக்கங்களை மட்டும் அச்சிட்டுச் சரிபார்த்தால் ஒரு கட்டுத் தாள் வீணாவதைத் தவிர்க்கலாம்.

6. ஒரு சிறு கணக்கு

பள்ளிகளில் பயன்படும் ஏ4 தாளின் எடையைத் தராசு இல்லாமலே கணக்கிடலாம். ஏ0 தாளின் பரப்பளவு ஒரு சதுர மீட்டர். அதைப் பதினாறு சம பாகமாக்கினால் ஒரு பாகம் ஏ4 தாள். ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் என்றால், ஓர் ஏ4 தாளின் எடை 5 கிராம். 500 தாள்கள் கொண்ட ஒரு கட்டின் எடை 2.5 கிலோகிராம்.

இப்போது ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே 1,000 மாணவர்கள் படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் நான்கு பக்கப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டால் நாளொன்றுக்கு 4,000 தாள்கள், அதாவது 20 கிலோகிராம் தேவை. இருபக்கமும் அச்சிட்டால் அதில் பாதி போதும். ஓர் ஆண்டில் 200 பள்ளி நாள்கள் என்று கொண்டால், மிச்சமாகும் தாள்கள் 400,000. எடையில் 2,000 கிலோகிராம். வாசிக்க வேண்டிய பாடத்தில் ஒரு சொல்கூடக் குறையவில்லை. குறைந்தது வெற்றுப் பக்கங்கள் மட்டுமே.

7. அறிவுரையா, அமைப்பா?

இவ்வளவு எளிய செயலை நாம் ஏன் எப்போதும் செய்வதில்லை? நமக்கு அக்கறை இல்லை என்பது முழு விடை ஆகாது. ஸ்வீடனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் இக்கேள்வியை ஆராய்ந்து, தங்கள் முடிவை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாளைச் சேமிக்குமாறு ஊழியர்களுக்கு வேண்டுகோள் அனுப்பியபோது தாள் பயன்பாட்டில் மாற்றம் ஏற்படவில்லை. ஆனால், அச்சுப்பொறியின் இயல்புநிலை அமைப்பை ஒரு பக்க அச்சிலிருந்து இருபக்க அச்சுக்கு மாற்றியபோது, தாள் பயன்பாடு ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. ஆறு மாதங்களுக்குப் பிறகும் அந்தப் பலன் நிலைத்திருந்தது.

இயல்புநிலை அமைப்பு என்பது, நாம் எதையும் மாற்றாதபோது இயந்திரம் தானாகப் பின்பற்றும் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் அச்சிட விரும்பியவர்களுக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்படவில்லை. அவர்கள் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். அவசரத்தில் இருப்பவர்களும் மறந்துவிடுபவர்களும் தங்களை அறியாமலே தாளைச் சேமித்தனர்.

பயன்பாடு ஏன் பாதியாகக் குறையவில்லை என்றும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் கொண்ட ஆவணத்தை இருபக்கமும் அச்சிட முடியாது. ஏற்கெனவே இருபக்கமும் அச்சிட்டு வந்தவர்களிடம் மாற்றம் இருக்காது. ஆகவே, இருபக்க அச்சு எல்லாச் சிக்கலையும் தீர்க்கும் மருந்து அன்று. ஆனால், எந்தச் செலவும் இல்லாமல், ஒரே ஒரு முறை செய்யும் மாற்றத்தால் கிடைக்கும் பலன் அது.

8. எங்கே பொருந்தாது?

எல்லாத் தாள்களுக்கும் இருபக்க அச்சு பொருந்தாது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் படிப்பவரின் கண் களைத்துவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தெளிவான, பெரிய எழுத்துகள் தேவை. வெட்டி ஒட்டும் பயிற்சிகளுக்கும், பக்கவாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய படிவங்களுக்கும் ஒரு பக்க அச்சே ஏற்றது. சிக்கனம் படிப்பவருக்கு இடையூறாக அமையக்கூடாது.

அச்சிடுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறொன்று. இதை அச்சிடத்தான் வேண்டுமா? உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் இன்று கற்றல் சாதனம் இருக்கிறது. திரையில் படிக்கக்கூடியதைத் திரையிலேயே படிக்கலாம். கோடிட்டு, குறிப்பெழுதி, ஆழ்ந்து படிக்க வேண்டியதை இருபக்கமும் அச்சிடலாம். ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய தாள்களைக் கணக்குப் போடவும் வரைவு எழுதவும் பயன்படுத்தலாம்.

செமாக்காவை எவராலும் ஒரே நாளில் நிரப்பிவிட முடியாது. ஒவ்வொரு நாளும் துவாஸிலிருந்து புறப்படும் சாம்பலால் அது சிறிது சிறிதாக நிரம்புகிறது. அதே போல, அது நிரம்பும் நாளைத் தள்ளிப்போடுவதும் சிறிது சிறிதாகவே நிகழும். நம் வீட்டிலும் வகுப்பறையிலும் உள்ள அச்சுப்பொறியின் அமைப்பை ஒரு முறை மாற்ற ஒரு நிமிடம் போதும். பிறகு நாம் மறந்துவிட்டாலும் அச்சுப்பொறி மறப்பதில்லை.

அருஞ்சொற்பொருள்

இலக்கு – அடைய நினைக்கும் குறிக்கோள்
ஈடாக – பதிலாக
பாரந்தூக்கி – கனமான பொருள்களைத் தூக்கும் இயந்திரம்
மரக்கூழ் – மரத்தை அரைத்துப் பதப்படுத்திய, தாள் செய்ய உதவும் குழம்பு
எழுத்தாணி – ஓலையில் எழுதப் பயன்பட்ட கூரிய கருவி
விளிம்பு – ஓரம்
வரைவு – திருத்தி முடிக்காத முதற்படி
இடையூறு – தடை, தொந்தரவு

கருத்தறிதல்

1. குப்பைத்தொட்டியில் போடப்படும் தாள் செமாக்காவைச் சென்றடையும் வரை நிகழ்பவற்றை வரிசையாக எழுதுக.
2. மறுசுழற்சி மட்டும் போதாது என்பதற்கு இப்பகுதியில் கூறப்பட்டுள்ள காரணங்களுள் மூன்றினை எழுதுக.
3. தரங்கம்பாடியில் சிறிய எழுத்துகள் ஏன் வார்க்கப்பட்டன? இச்செய்தி இப்பாடத்தின் மையக் கருத்துக்கு எவ்வாறு துணைபுரிகிறது?
4. ஸ்வீடனில் நடந்த ஆய்வில் வேண்டுகோளைவிட அமைப்பு மாற்றம் பலனளித்தது ஏன் என்று நீங்கள் கருதுகிறீர்கள்?
5. “சிக்கனம் படிப்பவருக்கு இடையூறாக அமையக்கூடாது.” இக்கூற்றை இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

மொழிப்பயிற்சி

“அச்சிடாத தாளைச் சேகரிக்க வேண்டியதில்லை, ஏற்றுமதி செய்ய வேண்டியதில்லை, எரிக்கவும் வேண்டியதில்லை.” இவ்வாக்கியத்தில் ஒரே அமைப்பு மூன்று முறை வந்து கருத்துக்கு அழுத்தம் தருகிறது. இதைப் போலவே தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஒரு வாக்கியம் எழுதுக.

குழு நடவடிக்கை

அ. உங்கள் வகுப்பில் ஒரு வாரத்தில் வழங்கப்படும் தாள்களை எண்ணுங்கள். அவற்றுள் ஒரு பக்கம் மட்டும் அச்சானவை எத்தனை? ஒரு தாளின் எடை 5 கிராம் என்று கொண்டு, எவ்வளவு எடையைக் குறைத்திருக்கலாம் என்று கணக்கிடுங்கள்.

ஆ. இரண்டு ஏ4 தாள்களை ஒன்றாக நடுவில் மடித்தால் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும். பக்க எண்களைப் பென்சிலால் எழுதிவிட்டு, மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். ஒரே முகத்தில் அருகருகே அமையும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் என்ன விடை வருகிறது? பன்னிரண்டு பக்கச் சிறுநூலுக்கு அந்த விடை என்னவாக இருக்கும்?

இ. உங்கள் பள்ளியின் அச்சுப்பொறிகளில் இருபக்க அச்சை இயல்புநிலை அமைப்பாக ஆக்குமாறு கேட்டுப் பள்ளி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் கணக்கிட்ட எண்களை அதில் சான்றாகக் காட்டுங்கள்.